அப்பா "என் பிள்ளை இல்லை" என்றார், பட்டம் பிள்ளைக்கே போனது: ஆம்ப்தில் பிரபு குடும்பத்து வழக்கு

கேள்வி இதுதான்: "பிரிட்டனில் லார்ட் பட்டம் ரத்த வாரிசுக்குத்தானே போகும்? அப்படியென்றால் அப்பாவே கோர்ட்டில் ஏறி 'இது எனக்குப் பிறந்ததில்லை' என்று சொல்லிவிட்டால் பட்டம் யாருக்கு?"

அந்தப் பிள்ளைக்கேதான். யூகமாகச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. அதுவும் நம்ம ஊர் கவர்னர் ஒருவரின் வீட்டில். 1900 கடைசியிலிருந்து 1906 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஆம்ப்தில் பிரபுவின் மகன், மருமகள், பேரன் மூன்று பேரையும் சுற்றி ஐம்பத்துச் சொச்சம் வருடம் இழுத்த விவகாரம் இது. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது, அதனால் பொதுவாகப் பேசாமல் இந்தக் கதையையே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பிரிட்டிஷ் பிரபுத்துவத்தில் ஐந்து படி. மேலே டியூக், அப்புறம் மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், கடைசியாக பாரன். (சிலர் இதை 'பேரன்' என்று எழுதுகிறார்கள். இந்தக் கதையில் நிஜமான பேரனே வருவதால் நான் 'பாரன்' என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலை சுற்றிவிடும்.) ஆம்ப்தில் என்பது கடைசிப் படி, பாரன் பட்டம். பெட்ஃபோர்டுஷையரில் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயர். 1881-இல் ஓடோ ரஸ்ஸல் என்ற தூதருக்காக உருவாக்கினார்கள். இவர் பெட்ஃபோர்டு டியூக் குடும்பத்துப் பிள்ளை, ஒன்பதாவது டியூக்கின் தம்பி. பிஸ்மார்க் காலத்து பெர்லினில் பல வருடம் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். 1878-இல் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் பட்டம் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றார், குடும்பம் பரம்பரையாக எதிர்க்கட்சி. கிளாட்ஸ்டன் பிரதமராக வந்து கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். மூன்றே வருடத்தில், 1884-இல், இறந்தும் போனார்.

ஒரு பட்டத்தை உருவாக்கும்போது அரசர் அல்லது அரசி பெயரில் ஒரு சாசனம் எழுதுவார்கள். அது யாருக்குப் போகும் என்பது அந்தச் சாசனத்தின் வாசகத்தில்தான் இருக்கிறது. உயிலில் எழுதி மாற்ற முடியாது. விற்க முடியாது. 'மூத்தவன் உருப்படாதவன், இளையவனுக்குக் கொடுத்துவிடுகிறேன்' என்றெல்லாம் அப்பா முடிவெடுக்க முடியாது. பெரும்பாலான சாசனங்களில் உள்ள வாசகத்தைத் தமிழில் சொன்னால் 'அன்னாரின் உடலில் சட்டப்படி உதித்த ஆண் வாரிசுகளுக்கு' என்று வரும். இதில் இரண்டு சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'உடலில்', 'சட்டப்படி'. முதல் சொல் ரத்தத்தைப் பேசுகிறது, இரண்டாவது சொல் கல்யாணப் பதிவேட்டைப் பேசுகிறது. இரண்டும் ஒத்துப்போகும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒத்துப்போகாவிட்டால்? ஆம்ப்தில் வழக்கு முழுக்க அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் நடந்த இழுபறிதான்.

தத்துப்பிள்ளைக்குப் பட்டம் கிடையாது, இன்றைக்கும். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த மகன், டிஎன்ஏ நூற்றுக்கு நூறு ஒத்துப்போனாலும், இங்கிலாந்துப் பிரபுப் பட்டத்துக்கு வாரிசு இல்லை. அதாவது ரத்தம் மட்டும் இருந்தால் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தம் இல்லாமலேயே, அல்லது ரத்தம் இருக்கிறதா என்று யாரும் பார்க்க அனுமதிக்காமலேயே, பட்டம் போகலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

சரி, மதராஸுக்கு வருவோம். ஓடோவின் மகன் ஆலிவர் ரஸ்ஸல், இரண்டாவது பாரன். கல்லூரியில் பெரிய படகோட்டி. அப்பா இறந்தபோது பதினைந்து வயதுப் பையன், பட்டம் அப்போதே வந்துவிட்டது. முப்பத்தொரு வயதில் மதராஸ் கவர்னர். 1904-இல் கர்சன் பிரபு விடுப்பில் இங்கிலாந்து போனபோது ஏப்ரல் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இவர்தான் தற்காலிக வைஸ்ராய். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே 1906-இல்தான், அதற்குச் சில மாதம் முன்பு, இவர் ஊருக்குக் கிளம்பினார். போன பிறகும் இந்தியர் விவகாரத்தை விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் லண்டனில் இந்தியர்களுக்காகக் குரல் கொடுத்த குழுவின் தலைவர் இவர்தான். காந்தியைப் பற்றி 1909-இல் வந்த முதல் வாழ்க்கை வரலாற்றுக்கு முன்னுரை எழுதியவரும் இவரே. கவர்னர் ஜாதியில் இது அபூர்வம். எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு, மருமகளை நடத்திய விதத்தைப் படித்தபிறகும் அது முழுசாகப் போகவில்லை.

இவருடைய மூத்த மகன் ஜான் ஹ்யூகோ ரஸ்ஸல். 1896-இல் பிறந்தவர், ஆளைப் பார்த்தால் பனைமரம்; ஆறடிக்கு மேல் இன்னும் அரை அடி. கடற்படையில் இருந்தார். முதல் உலகப்போர் முடிய பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, 1918 அக்டோபர் 31-இல், கிறிஸ்டபெல் ஹார்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பையன் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. மாமியார் மேரி ராணியின் அந்தரங்கத் தோழிமாரில் ஒருவர். மருமகளோ போர்க்காலத்தில் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், ஆண்களோடு நடனத்துக்குப் போகிறவள், வாய்த்துடுக்கு வேறு. கொஞ்ச நாளில் லண்டனில் கர்சன் தெருவில் சொந்தமாக ஒரு உடைக்கடை திறந்தாள், நன்றாகவும் ஓடியது. பிரபு வீட்டு மருமகள் கடை வைப்பதா என்று அந்தக் காலத்து முகச்சுளிப்பை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம். ஜான் ஒப்புக்கொண்டார். அவர் சொன்னபடி பார்த்தால் அந்த 'இப்போதைக்கு' முடியவே இல்லை, தாம்பத்தியம் என்ற ஒன்று ஒருநாளும் நடக்கவில்லை. இதற்கு நடுவில் 1920 டிசம்பரில், ஓக்லி ஹவுஸ் என்ற குடும்ப மாளிகையில், விருந்தாளிகளாகப் போன இடத்தில் இருவரும் ஒரே அறையில் தங்க வேண்டி வந்தது. அன்றிரவு என்ன நடந்தது என்பதுதான் பின்னாளில் இங்கிலாந்து முழுக்கக் காலைக் காபியோடு சேர்த்துப் படித்த விஷயம். முழு உறவு இல்லை, அரைகுறையாக ஏதோ நடந்தது என்று மனைவி. அதுகூட இல்லை என்று கணவன்.

1921 கோடையில் கிறிஸ்டபெல் ஒரு குறிசொல்லும் அம்மாளிடம் போகிறாள். 'நீ கர்ப்பமாக இருக்கிறாய்' என்கிறாள் அந்த அம்மாள். இவள் நம்பவில்லை. டாக்டரிடம் போனால் அவரும் அதையே சொல்கிறார், ஐந்து மாதம்! கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: உடல்நிலையைப் பார்த்தால் முழுமையான உறவு நடந்ததற்கான அடையாளம் இல்லை. கன்னி, ஆனால் கர்ப்பிணி. மருத்துவரீதியாக இது நடக்க முடியாத காரியம் இல்லை, மிக அபூர்வம், அவ்வளவுதான். இதை அவள் பக்கத்து வக்கீல்கள் பெரிய ஆயுதமாக வைத்துக்கொண்டார்கள். வேறு ஆளோடு சுற்றியவள் என்றால் உடம்பு இப்படியா இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

குழந்தை பிறந்தது 1921 அக்டோபர் 15. பெயர் ஜெஃப்ரி. இப்போது விரல்விட்டு எண்ணுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து அக்டோபர் 15 வரைக்கும் கிட்டத்தட்ட 300 நாள். கருத்தரித்த நாளிலிருந்து பிரசவம் வரை சாதாரணமாக 266 நாள் கணக்கு. ஒரு மாதத்துக்கு மேல் இடிக்கிறது. 'பத்து மாதம் சுமந்து பெற்றேன்' என்று நம் வீட்டு அம்மாக்கள் பேச்சுவாக்கில் சொல்வதை அங்கே ஒரு பெண் சத்தியம் செய்து, காலண்டரை வைத்துக்கொண்டு நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஜான் விவாகரத்துக்கு வழக்குப் போட்டார். பெயர் சொல்லி இரண்டு ஆண்களோடும், அது போதாதென்று 'பெயர் தெரியாத ஓர் ஆளோடும்' கள்ள உறவு என்று குற்றச்சாட்டு. 1922 ஜூலையில் முதல் விசாரணை. கணவர் தரப்பில் சர் ஜான் சைமன். ஆமாம், ஆறு வருடம் கழித்து நம் ஆட்கள் கறுப்புக்கொடி பிடித்து 'திரும்பிப் போ' என்று கத்தினார்களே, அதே சைமன். மனைவி தரப்பில் சர் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ். கூண்டில் ஏறிய கிறிஸ்டபெல் அசரவே இல்லை, கேள்விக்குக் கேள்வி சுடச்சுட பதில். கணவர் பெண்ணுடை போட்டுக்கொள்வதில் ஆசை உள்ளவர் என்பது, புகைப்படத்தோடு, அங்கே சந்திக்கு வந்தது. ஜூரி என்ன சொன்னது? பெயர் குறிப்பிட்ட இருவரோடும் உறவு இல்லை. பெயர் தெரியாத ஆள் விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அதாவது பாதிக் கிணறு.

1923-இல் இரண்டாவது விசாரணை. இந்தமுறை கணவருக்கு மார்ஷல் ஹால், அந்தக் காலத்துப் பெரிய மேடைப்புலி. இந்த ஜூரி கிறிஸ்டபெல் குற்றவாளி, பெயர் தெரியாத ஒரு ஆளோடு உறவு இருந்தது என்று சொல்லிவிட்டது. விவாகரத்துக்கு முதல்கட்ட ஆணை கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இரண்டு வயதுகூட நிரம்பாத ஜெஃப்ரி, சட்டத்தின் கண்ணில் கிட்டத்தட்ட அப்பன் பெயர் தெரியாத பிள்ளை ஆகிவிட்டான். இதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவள் பிரபுக்கள் சபைக்குப் போனாள். அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான்.

இந்த இடத்தில்தான் கதை வம்பிலிருந்து சட்டத்துக்குத் திரும்புகிறது. 1777-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு என்ற பெரிய நீதிபதி ஒரு விதியைச் சொல்லிவைத்திருந்தார்: கல்யாணமான தம்பதிக்கு, கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளையை முறைகேடான பிள்ளை ஆக்குவதற்காக, 'எங்களுக்குள் உறவே நடக்கவில்லை' என்று கணவனோ மனைவியோ சாட்சி சொல்ல முடியாது. கண்ணியத்துக்கும் பொதுநலத்துக்கும் அது விரோதம். வேறு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கணவன் அந்தச் சமயம் கடல்கடந்து இருந்தான் என்று கப்பல் பதிவேட்டைக் காட்டலாம். ஆனால் படுக்கையறைக்குள் இருந்த அந்த இரண்டு பேர் வாயைத் திறக்கக்கூடாது. அதற்கும் முந்தைய காலத்தில் விதி இன்னும் கடுமை, கணவன் இங்கிலாந்தைச் சுற்றியுள்ள நாலு கடலுக்குள் எங்காவது இருந்தாலே போதும், பிள்ளை அவனுடையதுதான் என்று வைத்திருந்தார்கள்.

1924 மே மாதம் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் மூவர், பர்க்கன்ஹெட், ஃபின்லே, டனீடின், அந்தப் பழைய விதி விவாகரத்து வழக்குக்கும் பொருந்தும் என்றார்கள். ஜான் கூண்டில் நின்று 'நான் அவளைத் தொடவில்லை' என்று சொன்னது எதுவும் சாட்சியமே இல்லை. அதை எடுத்துவிட்டால் வழக்கில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆணை ரத்து. சம்னர், கார்சன் இருவரும் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்கள். இந்தக் கார்சன்தான் முப்பது வருடம் முன்பு ஆஸ்கர் வைல்டைக் குறுக்கு விசாரணையில் மடக்கியவர். பர்க்கன்ஹெட்டோ சில மாதத்தில் பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகார அமைச்சராகி, 1927-இல் சைமன் கமிஷனை அமைத்தார். இந்த வழக்கில் சைமன் கணவனுக்காக வாதாடியவர், பர்க்கன்ஹெட் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதியவர். நமக்குச் சம்பந்தமில்லாத வீட்டுச் சண்டை என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தால் பழகிய முகமாகவே வந்துகொண்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். யார் பிள்ளை என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதிலே இல்லை. ஜெஃப்ரி ஜானின் மகன் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. மகன் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயை அடைத்தார்கள், அவ்வளவுதான். ஜான் மேல் எனக்குப் பெரிய அனுதாபம் இல்லை, ஆனாலும் சம்னரும் கார்சனும் சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு மனிதனை அவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிவிட்டு அவனுக்கு எதிராகத் தீர்ப்பெழுதுவது என்ன முறை? நாடாளுமன்றத்துக்கும் பிற்பாடு அப்படித்தான் தோன்றியது போல. 1949-இல் சட்டம் போட்டு அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். ஜெஃப்ரிக்கு அதற்குள் இருபத்தெட்டு வயது.

கிறிஸ்டபெல் கெட்டிக்காரி. 1924 தீர்ப்பு தன் விவாகரத்தைத்தான் தடுத்தது, மகனைப் பற்றி நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளுக்கு (அல்லது அவள் வக்கீலுக்கு) புரிந்தது. 1926-இல், 'ஜெஃப்ரி இன்னார் தம்பதிக்கு முறைப்படி பிறந்த மகன்' என்று உயர் நீதிமன்றத்திடம் தனியாக ஒரு பிரகடனம் வாங்கினாள். ஐந்து வயதுகூட ஆகாத பையன் பெயரில் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தின் மதிப்பு அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

அதே 1926-இல் இன்னொரு விளைவு. பத்திரிகைகள் இந்த வழக்கை வரிக்கு வரி போட்டதைப் படித்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அருவருத்துப்போனார். விவாகரத்து வழக்குகளில் சாட்சியத்தை விலாவாரியாக அச்சிடக்கூடாது, பெயர், குற்றச்சாட்டின் சுருக்கம், சட்டப் பிரச்சினை, தீர்ப்பு மாதிரியான விஷயங்களை மட்டும்தான் போடலாம் என்று அந்த வருடம் சட்டம் வந்தது. விற்பனை ஆசாமிகளுக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும்!

1935-இல் பழைய கவர்னர் இறந்தார். ஜான் மூன்றாவது பாரன் ஆனார், கிறிஸ்டபெல் லேடி ஆம்ப்தில் ஆனாள். ஆமாம், அதுவரைக்கும் அவர்கள் சட்டப்படி கணவன் மனைவிதான், பிரிந்து வாழ்ந்தாலும். 1937-இல்தான் விவாகரத்து. ஜான் அப்புறம் இரண்டு கல்யாணம் செய்துகொண்டார். மூன்றாவது மனைவிக்கு 1950-இல் ஒரு மகன், அவன் பெயரும் ஜான். இந்த மகன் விஷயத்தில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் கிடையாது.

1973-இல் மூன்றாவது பாரன் காலமானார். ஐம்பத்தொரு வயது ஜெஃப்ரி ஒரு பக்கம், இருபத்திரண்டு வயது ஜான் ஒரு பக்கம், இருவரும் பட்டம் எனக்கு என்று வந்து நின்றார்கள். அப்போதெல்லாம் பட்டத் தகராறு வந்தால் அதை விசாரித்தது சாதாரணக் கோர்ட் இல்லை, பிரபுக்கள் சபையின் உரிமைக் குழு. நம் சட்டசபையிலும் உரிமைக் குழு என்று ஒன்று உண்டு, ஆனால் இதற்கு இந்தக் கூடுதல் வேலையும் இருந்தது. அதில் சட்டப் பிரபுக்களும் (அதாவது நீதிபதிகளான பிரபுக்களும்) சாதாரணப் பிரபுக்களும் கலந்து உட்கார்ந்தார்கள்.

1976 தொடக்கத்தில் விசாரணை. ஜான் தரப்பு வாதம், 1926 பிரகடனம் உண்மையை மறைத்து வாங்கியது, அதைத் தள்ளிவைத்துவிட்டு விஷயத்தை மறுபடி முதலிலிருந்து பாருங்கள். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சும் எழுந்தது. ரத்த வகையை வைத்து 'இவர் அப்பா இல்லை' என்று சொல்லும் அளவுக்கு அப்போது விஞ்ஞானம் வந்துவிட்டது, 'இவர்தான் அப்பா' என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. வில்பர்ஃபோர்ஸ் பிரபு உட்பட எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: 1926-இல் ஒரு நீதிமன்றம் இந்த மனிதன் யார் மகன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது, மோசடி என்று நிரூபிக்காத வரைக்கும் அதைத் தோண்டக்கூடாது. ஒருவன் ஐம்பது வருடம் ஒரு தகப்பன் பெயரோடு வாழ்ந்தபின், அது மெய்யா என்று கேட்க அனுமதித்தால் எந்த மனிதனுக்கும் நிம்மதி இராது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்தக் குழுவில் சைமன் என்று ஒருவர் இருந்தார் (கமிஷன் சைமன் இல்லை, வேறு ஆள்). தாய்மை என்பது பிரசவத்தால் நிரூபணமாகும் உண்மை, தந்தைமை என்பது ஓர் அனுமானம் என்ற பொருளில் அவர் எழுதியதைச் சட்ட உலகம் இன்றும் எடுத்தாள்கிறது.

ஏப்ரலில் ஜெஃப்ரி நான்காவது பாரன் ஆம்ப்தில் என்று அறிவித்தார்கள். கிறிஸ்டபெல் அதைக் கேட்க இல்லை. சில வாரம் முன்பு, பிப்ரவரியில், எண்பது வயதில் இறந்திருந்தாள். கடைசிக் காலத்தை அயர்லாந்தில் கழித்தவள்; கால்வே வளைகுடாக் கரையில் டன்குவைர் என்ற பாழடைந்த பழைய கோட்டையை 1954-இல் வாங்கிப் பழுதுபார்த்து அங்கே வாழ்ந்தாள். இப்போதும் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். 'கணவன் சொல்லை எப்போதுமே கேட்கமாட்டார்களா, எவ்வளவு அபத்தமானாலும் பிள்ளை கணவனுடையதேவா?' இல்லை. பான்பரி ஏர்ல் பட்டம் என்று ஒரு பழைய வழக்கு இருக்கிறது. முதல் ஏர்ல் எண்பது தாண்டிய கிழவர், மனைவி அவரைவிட நாற்பது வருடம் இளையவள். 1627-இலும் 1631-இலும் இரண்டு ஆண் குழந்தைகள். 1632-இல் கிழவர் போனதும், சில வாரத்துக்குள்ளேயே அந்த அம்மாள் வோக்ஸ் பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டாள், வோக்ஸும் அந்தப் பிள்ளைகளில் இளையவனுக்கே சொத்தை எழுதிவைத்தார். ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்! அவர்கள் வம்சம் பட்டம் கேட்டுத் தலைமுறை தலைமுறையாக நடந்து, கடைசியில் 1813-இல் பிரபுக்கள் சபை இல்லை என்று கைவிரித்தது. ஆக, அனுமானத்தை உடைக்கலாம், வெளியிலிருந்து வலுவான ஆதாரம் இருந்தால். உடைப்பது கஷ்டம் என்பதுதான் விஷயம்.

டிஎன்ஏ வந்தபிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஸ்டிச்சில் ஊர் பிரிங்கிள் என்ற பட்டம், 1683-இல் கொடுத்தது. இது பாரனெட், அதாவது பாரனுக்கும் கீழே, பிரபுக்கள் சபையில் இடமில்லாத பரம்பரை சர் பட்டம். சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள் என்பவர் பிரிட்டிஷ் ராயல் மரீன்ஸ் படையின் தலைமைப் பதவியில் இருந்தவர், 1981-இல் ஐரிஷ் தீவிரவாதிகள் காரில் வைத்த குண்டில் ஒரு காலை இழந்தவர். குலத்தலைவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு டிஎன்ஏ ஆய்வு நடந்தபோது அவரும் மாதிரி கொடுத்தார். பார்த்தால், மற்ற பிரிங்கிள்களோடு அவர் ரத்தம் ஒத்துப்போகவில்லை. தாத்தா-பாட்டி காலத்தில், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், எங்கோ கோடு மாறியிருக்கிறது. 2013-இல் அவர் இறந்தபின் வழக்கு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற உயர் நீதிக் குழுவுக்குப் போனது. 2016-இல் அவர்கள் டிஎன்ஏ ஆதாரத்தை ஏற்று, பட்டம் அவர் மகனுக்கு இல்லை, உறவுமுறையில் இன்னொரு கிளைக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பிரிவி கவுன்சில் நமக்குப் புதிதில்லை. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்று 1863-இல் காத்தம நாச்சியார் வழக்கில் தீர்ப்புச் சொன்னதும், ராமநாதபுரம் ஜமீனில் விதவை ராணி தத்தெடுத்தது செல்லும் என்று 1868-இல் சொன்னதும் அவர்கள்தான். இதில் ஒரு முரண் எனக்கு எப்போதும் பிடிக்கும்: கணவன் இறந்தபின் எடுத்த தத்துப்பிள்ளைக்கு ராமநாதபுரத்தையே கொடுக்கலாம் என்று சொன்ன அதே ஆட்களின் சொந்த ஊரில், தத்துப்பிள்ளைக்கு ஒரு பாரன் பட்டம்கூடக் கிடையாது.

அப்படியானால் ஜெஃப்ரிக்கும் டிஎன்ஏ பார்த்திருந்தால்? என் கணிப்பில் ஒன்றும் மாறியிருக்காது. பிரிங்கிள் வழக்கில் எவரும் முன்கூட்டி நீதிமன்றத்துக்குப் போய் 'இவர் இன்னார் மகன்' என்று பிரகடனம் வாங்கி வைத்திருக்கவில்லை. ஜெஃப்ரிக்கு அம்மா வாங்கி வைத்திருந்தாள். 1976-இல் ஜெயித்தது ரத்தமும் இல்லை, 1924 தீர்ப்பும் இல்லை, அந்த 1926 காகிதம்தான்.

நம் சட்டத்திலும் இதன் தம்பி ஒன்று இருக்கிறது, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 1872 சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, இப்போது 2023-இன் புதுச் சட்டத்தில் 116. கல்யாணம் அமலில் இருக்கும்போது பிறந்த பிள்ளை, அல்லது கல்யாணம் முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த பிள்ளை, கணவனுடையதே என்பதற்கு அது முடிவான சான்று; கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சந்திக்கவே வாய்ப்பில்லை என்று காட்டினால் ஒழிய. கணவன் வாயைக் கட்டும் மான்ஸ்ஃபீல்டு விதி அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் ஓக்லி ஹவுஸ் மாதிரி ஒரே அறையில் தங்கியிருந்தால் 'வாய்ப்பே இல்லை' என்று நிரூபிப்பது நம்ம ஊரிலும் மகா கஷ்டம்.

ஜெஃப்ரி பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போரில் ஐரிஷ் கார்ட்ஸ் படையில் இருந்தார், பிறகு வியாபாரம், நாடகத் தயாரிப்பு. பட்டம் உறுதியானதும் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தவர் அதைச் சும்மா அலங்காரமாக வைத்துக்கொள்ளவில்லை, கடுமையாக வேலை செய்தார். 1999-இல் பரம்பரைப் பிரபுக்களைச் சபையிலிருந்து கூட்டமாக வெளியேற்றியபோது, தங்கிவிட அனுமதித்த 92 பேரில் இவரும் ஒருவர், துணை சபாநாயகர் என்ற முறையில். 2011-இல் இறந்தார், பட்டம் அவர் மூத்த மகனிடம் இருக்கிறது. இடையில் 1992 முதல் 1994 வரை அவர் வகித்த பதவிக்குக் 'குழுக்களின் தலைவர்' என்று பெயர். சபையின் முக்கியக் குழுக்கள் பலவற்றுக்கு அந்தப் பதவியில் இருந்தவரே அப்போது தலைவர். உரிமைக் குழுவும் அதில் அடக்கம்.